அடி, பார், துடை

கம்பத்தில் ஒரு கல்யாண மண்டபம். மேடையின் ஓரத்தில், பரிசுப் பெட்டிகளைக் குவித்து வைத்திருந்த மூலையில், நான் ஒற்றைக் காலில் நிற்கிறேன். இன்னொரு காலை வைக்க அங்கே இடமில்லை.

மேடையில் மணப்பெண்ணின் அத்தைமார் ஆறு பேர் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். நான் பழக்கிய ஆட்டம். பாட்டில் இரண்டாவது சரணம் முடிந்து, பாடுகிறவர்கள் ஓய்ந்து, புல்லாங்குழல் மட்டும் தனியாக வருகிற இடம் வந்தது. அங்கே அவர்கள் கைகளைத் தொங்கவிட்டு லேசாக அசைந்தபடி நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

அவர்கள் நிற்கவில்லை. ஆறு பேரும் ஒரே நேரத்தில் வலது கையைத் தூக்கினார்கள். பின்கழுத்தில் பளீரென்று ஓர் அடி அடித்துக்கொண்டார்கள். அடித்த கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்து உள்ளங்கையை உற்றுப் பார்த்தார்கள். பார்த்து முடித்ததும் அதை இடுப்பில் அழுத்தித் துடைத்தார்கள்.

இப்படி ஒரு ஸ்டெப்பை நான் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.

மண்டபம் அப்படியே அடங்கிப்போனது. பந்தியிலிருந்து கை கழுவப் போனவர்கள் எச்சில் கையோடு திரும்பிப் பார்த்தார்கள். தூக்கியிருந்த காலை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. ஒரு பெட்டி சரிந்து, அதற்குள் இருந்த எவர்சில்வர் ஏதோ கலகலவென்று உருண்டது.

அந்த நொடியே என் உயிர் போயிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். போகவில்லை. ஆகவே நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

ஜெராக்ஸ் கடை

இந்தத் தொடரை நடுவில் படிக்க வந்தவர்களுக்காக: என் பெயர் ஆரோக்கியமேரி. சின்னமனூரில் மாவு மில்லுக்கு மேல்மாடியில் டான்ஸ் வகுப்பு நடத்துகிறேன். ஊருக்கு நான் மேரி மிஸ். பள்ளி ஆண்டு விழா, காதுகுத்து, கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, மாதா கோயில் திருவிழா, எதற்கு ஆட்டம் வேண்டுமென்றாலும் இந்தப் பக்கத்தில் என்னைத்தான் தேடி வருவார்கள். கீழே மில் ஓடும்போது எங்கள் தரையும் ஆடும். தாளம் தப்புகிற பிள்ளைகளுக்கு அது ஒரு உதவி.

போன வாரம் என் வீட்டுக்காரர் சூசை எங்கள் கல்யாண ஊர்வலத்தில் ஆடிய ஆட்டத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. அவருக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. அங்கே வருகிறவர்கள் எல்லாரும் "அண்ணே, அந்த ஆட்டத்த ஒரு தடவ ஆடிக் காட்டுங்க" என்கிறார்களாம். நல்ல வாசகர்கள் எனக்கு வாய்த்திருக்கிறார்கள்.

எங்கள் தொழிலில் ஆட்டம் எப்படிப் பிறக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். உண்மையைச் சொல்கிறேன். போனில் பிறக்கிறது. ஒரு பாட்டிலிருந்து கால், இன்னொன்றிலிருந்து கை, வேறொன்றிலிருந்து இடுப்பு. மூன்றையும் கலந்து, நேற்றைய குழம்பைச் சூடுபண்ணிப் பரிமாறுவது போலப் பரிமாறுவோம். கேட்பவர்களுக்கும் அதுதான் வேண்டும். "அந்தப் பாட்டுல வர்ற மாதிரியே இருக்கணும் மிஸ்" என்றுதான் சொல்லி அனுப்புவார்கள்.

நானும் குறையில்லாமல்தான் இருந்தேன், விக்கி வரும் வரை.

விக்கிக்குத் தேனியில் ஸ்டுடியோ. மூன்று சுவரிலும் கண்ணாடி, கூரையில் கலர் லைட்டு. பையன் நல்லவன்தான். சென்னையில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தான். அந்த இரண்டு வருஷத்தில் எங்கள் ஊர் 'வந்தீக, போனீக' எல்லாம் அவன் வாயிலிருந்து உதிர்ந்து 'வந்தீங்க, போனீங்க' ஆகிவிட்டது. ஒரு பள்ளி விழாவில் என் பிள்ளைகள் ஆடி முடித்ததும் பக்கத்தில் வந்தான்.

"அக்கா, உங்க ஐட்டம் எல்லாமே சூப்பர்," என்றான். "எல்லாத்தையும் நான் ஏற்கெனவே போன்ல பாத்துட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தேன். வந்ததும் சூசையிடம் ஒப்பித்தேன்.

"அவன் சொன்னதுல பொய் எதுவும் இருக்கா?" என்றார்.

"இல்ல."

"பெறகென்ன. சோத்தப் போடு."

சோறு போட்டேன். எனக்கு இறங்கவில்லை. விக்கி மேல் கோபமில்லை. இத்தனை வருஷம் ஊரையே ஆட வைத்திருக்கிறேன், எனக்கென்று ஓர் அசைவு இந்த உலகத்தில் உண்டா என்று நினைத்துப் பார்த்தேன். நான் செத்துப்போனால் என்னோடு சேர்ந்து என்ன போகும்? ஒன்றும் போகாது. எல்லாம் போனில் இருக்கிறது.

செத்துப்போவதற்கு முன்னால் ஒரே ஒரு ஸ்டெப்பாவது சொந்தமாகப் போட்டுவிட வேண்டும் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

அசை போட்ட ஆடு

சொந்தமாக எதுவுமே செய்ததில்லை என்றும் சொல்லிவிட முடியாது. சின்ன வயதில் ஒன்று செய்தேன். அதற்கு வாங்கிய திட்டுதான் என்னை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது என்று சூசையிடம் அடிக்கடி சொல்வேன்.

எங்கள் ஊர் மாதா கோயிலில் கிறிஸ்துமஸுக்குக் குடில் நாடகம் போட்டார்கள். சிஸ்டர் ஒருவர் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சைகை வைத்து ஆக்‌ஷன் பாட்டு சொல்லிக் கொடுப்பார். நட்சத்திரம் என்றால் விரலை விரிக்க வேண்டும். பாலன் என்றால் கையைத் தொட்டிலாக்கி ஆட்ட வேண்டும். எனக்குக் கொடுத்தது ஆடு வேஷம். ஆட்டுக்குச் சைகையே இல்லை. நான்கு காலில் நிற்பதுதான் வேலை.

நின்று நின்று முட்டி வலித்தது. எங்கள் வீட்டு ஆட்டை நினைத்துக்கொண்டு மெதுவாக அசை போட ஆரம்பித்தேன். கீழ்த்தாடையை ஒரு பக்கம் தள்ளி, இழுத்து, கண்ணைப் பாதி மூடி. முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு கோயிலே சிரித்தது. மூன்று ராஜாக்கள் பொன்னும் தூபமும் கொண்டுவந்ததை யாரும் கவனிக்கவில்லை.

நாடகம் முடிந்ததும் சிஸ்டர் என் காதைப் பிடித்தார். "ஆண்டவர் பிறந்த நேரத்துல ஆடு வாய மூடிக்கிட்டுத்தான் இருந்துச்சு," என்றார். அவர் அங்கே இருந்து பார்த்தாரா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அதன் பிறகு யார் என்ன ஆடிக் காட்டினாலும் அதை அப்படியே திருப்பி ஆடுகிற நல்ல பிள்ளையாகிவிட்டேன்.

மண்டியில் ஒரு காலி இடம்

சுகன்யா என்னிடம் ஆடப் பழகியவள். அவள் அப்பாவுக்கு ஊர் எல்லையில் வாழைக்காய் மண்டி. அவளுக்குக் குமுளிப் பக்கம் ஏலக்காய்த் தோட்டக்காரர் வீட்டில் மாப்பிள்ளை அமைந்தது. ஒரு நாள் வகுப்புக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"மிஸ், ரிசப்ஷன்ல எங்க அத்தைமார் ஆடணும்னு ஆசைப்படுறாக. யாருமே இதுவரைக்கும் பாக்காத ஆட்டமா இருக்கணும்."

"யாருமே பாக்காததுக்கு நான் எங்கதான் போவேன்?"

"மாப்பிள்ள வீட்டுல விக்கி மாஸ்டரப் பேசிட்டாக மிஸ்."

அதற்கு மேல் அவள் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. ஒத்துக்கொண்டேன்.

மண்டியில் சாயங்காலம் லோடு லாரி கிளம்பிய பிறகு பழகுவது என்று ஏற்பாடு. அத்தைமாருக்குத் தலைவி பேச்சியம்மாள், சுகன்யா அப்பாவின் அக்கா. மண்டியில் அவர் குரல் கேட்டால் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் லாரி டிரைவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். எனக்கும் அவர் பேச்சியக்காதான். வந்த அன்றே ஒரு நிபந்தனை போட்டார்.

"எதுக்க நின்னு பாத்தீகன்னா எனக்குக் காலு ஓடாது மிஸ்ஸு. நீங்க முன்னாடி ஆடுங்க. நாங்க பின்னாடி நின்னு அதப் பாத்து ஆடிக்கிறோம்."

எனக்கும் அதுதான் வசதி. மண்டியில் கண்ணாடி கிடையாது. எதிரே நின்று ஆடிக் காட்டினால் என் வலது கை அவர்களுக்கு இடது கையாகிவிடும். கண்ணாடி இல்லாத இடத்தில் முதுகைக் காட்டிச் சொல்லிக் கொடுப்பதுதான் எங்கள் வழக்கம். முதுகைப் பார்த்து ஆடுகிறவர்களுக்கு வலது இடது குழம்பாது.

நானும் ஒரு நிபந்தனை போட்டேன். யாரும் போனில் படம் பிடிக்கக் கூடாது. ஒரு வீடியோ வெளியே போனால், நான் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் விக்கியிடம் போய்ச் சேர்ந்துவிடும்.

ஆக, அவர்கள் என் முதுகைப் பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்க்கவே இல்லை. நடந்ததற்கு வீடியோவும் இல்லை. இந்த ஏற்பாட்டில் என்ன கோளாறு வரக்கூடும் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

பாட்டுக்கான ஆட்டத்தை எப்போதும் போல அங்கிருந்தும் இங்கிருந்தும் எடுத்துக் கட்டினேன். யாருக்கும் அடையாளம் தெரியாதபடி கலைத்துப் போட்டேன். புல்லாங்குழல் வருகிற இடத்தை மட்டும் தொடவில்லை. பாட்டில் அது இரண்டு முறை வரும். அந்த இடம் என் சொந்த ஸ்டெப்புக்கு.

"இந்த இடத்துக்குப் புது ஸ்டெப்பு ஒண்ணு வரும்க்கா. வார வரைக்கும் சும்மா நில்லுங்க," என்றேன்.

"எப்ப வரும்?" என்றார் பேச்சியக்கா.

"வந்துரும்."

மறுநாள் வாசலிலேயே கேட்டார். "வந்துருச்சா?" லோடு வந்துவிட்டதா என்று கேட்கும் அதே குரல்.

தும்மல் நிற்பது போல

புதிதாக ஒரு ஸ்டெப் வருவது எப்படி இருக்கும் என்று கேட்டால், தும்மல் வருவது போல இருக்கும் என்பேன். வருகிறது, வருகிறது, மூக்கு வரை வந்துவிட்டது. கண்ணை மூடி வாயைத் திறந்து காத்திருப்போம். வராது.

அரிசி களையும்போது வரும். கையை உதறிவிட்டு ஆடிப் பார்ப்பேன். ஆடி முடிப்பதற்குள் அது எந்தப் பாட்டில் பார்த்தது என்று ஞாபகம் வந்துவிடும். ஒரு தடவை எனக்கு ஞாபகம் வரவில்லை. ஆனந்தத்தில் சூசையைக் கூப்பிட்டு ஆடிக் காட்டினேன். மனுஷனுக்கு ஆட்டத்தில் எதுவுமே தெரியாது.

"இது போன தீவாளிக்கு டிவில வந்ததுல்ல," என்றார்.

உடம்புக்குத் திருட்டுப் புத்தி உண்டு என்று அப்போதுதான் கண்டுகொண்டேன். பார்த்ததையெல்லாம் நமக்குத் தெரியாமல் எடுத்து ஒளித்து வைத்துக்கொள்கிறது. பிறகு தன் சொந்தச் சரக்கு போல எடுத்து நீட்டுகிறது.

அந்த நாட்களில் பொட்டிப்புரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வகுப்பு எடுக்கப் போவேன். அங்கே மலையைக் குடைந்து, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு துகளைத் தேடப்போவதாக வெகுநாளாகப் பேச்சு. பஸ் ஜன்னலில் அந்த மலையைப் பார்க்கும்போதெல்லாம் பொறாமையாக இருக்கும். எங்கே தோண்ட வேண்டும் என்றாவது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சினிமா மாஸ்டர்களின் பேட்டிகளைப் பார்த்தேன். எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். "இயற்கைதான் எனக்குக் கற்றுக் கொடுத்தது." சரி, இயற்கைக்கு நமக்கென்ன பஞ்சம் என்று ஒரு நாள் மேகமலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

இயற்கையைப் பார்ப்பதற்கு முன்னால் கொண்டை ஊசி வளைவுகளைப் பார்க்க வேண்டியிருந்தது. எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. மேலே போய் இறங்கி, தேயிலைக்கு நடுவில் ஒரு மேட்டில் நின்றேன். பனி வந்து போனது. காற்று அடித்தது. நான் கண்ணை மூடி, இரண்டு கையையும் மேலே தூக்கி, மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தேன். உடம்பே, ஏதாவது செய் என்று மன்றாடினேன்.

கீழே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் வெகுநேரம் என்னையே பார்த்துவிட்டுச் சொன்னாள். "அக்கா, அங்கன டவரு கிடைக்காது. அந்தப் பாறை மேல ஏறிப் பாருங்க."

மறுத்துப் பேச வெட்கமாக இருந்தது. பாறை மேல் ஏறினேன். அங்கேயும் எதுவும் கிடைக்கவில்லை. கணுக்காலில் ஓர் அட்டை மட்டும் கிடைத்தது. அலறிக்கொண்டு காலை உதைத்தேன், உதறினேன், ஒரு சுற்று சுற்றினேன். அடடா, இதுதான் என்று மனசு துள்ளியது. அட்டை விழுவதற்குள் ஞாபகம் வந்துவிட்டது. அதுவும் ஒரு பாட்டில் வந்ததுதான்.

எப்பவும் போல

மண்டியில் பழக்கம் நடந்துகொண்டே இருந்தது. பின்னால் வாய்க்கால், அதற்கு அந்தப் பக்கம் நெல் வயல். வெளிச்சம் குறையக் குறையக் கொசு கூட்டமாக வரும். அதையெல்லாம் பார்த்தால் எங்கள் பக்கத்தில் ஒரு வேலையும் நடக்காது.

பாட்டைப் போட்டுவிட்டு முதுகைக் காட்டி ஆடுவேன். புல்லாங்குழல் இடம் வந்ததும் கையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி, உடம்பு என்ன செய்யப்போகிறது என்று காத்திருப்பேன். அது எதுவுமே செய்யவில்லை. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நாளில் ஒரு மாற்றம். பேச்சியக்கா "வந்துருச்சா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டார். மற்றவர்களும் கேட்கவில்லை. பாவம், இந்த மிஸ்ஸுக்கு வராது என்று தெரிந்து விட்டுவிட்டார்கள் போல என்று நினைத்தேன். விக்கி சொன்னதைவிட இது அதிகமாக வலித்தது. திட்டினால் திருப்பித் திட்டலாம். இரக்கப்படுகிறவர்களை என்ன செய்ய முடியும்?

கல்யாணத்துக்கு முந்தின நாள் கடைசிப் பழக்கம். அதுவரை வராதது இனி வராது. தோற்றுவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்கள் முகத்தைப் பார்க்காமலே சொன்னேன்.

"அந்தப் புல்லாங்குழல் இடத்துல எதையும் மாத்த வேணாம்க்கா. எப்பவும் போலப் பண்ணிருங்க."

"சரி மிஸ்ஸு," என்றார் பேச்சியக்கா. "எங்களுக்கு அது நல்லா வந்துருச்சு."

சும்மா நிற்பது நல்லா வந்துவிட்டது என்று சொல்லி என்னை ஆறுதல் படுத்துகிறார் என்று நினைத்து, அந்த நல்ல மனசுக்காகவும் சேர்த்து வீட்டில் போய் அழுதேன்.

மறுபடியும் ஒற்றைக் காலில்

இப்போது கம்பம் மண்டபத்துக்குத் திரும்பலாம்.

விக்கியின் கூட்டம் முதலில் ஆடிவிட்டது. மாப்பிள்ளையின் தம்பிமார், புகை, மின்னுகிற கோட்டு, தலைகீழாக ஒரு பல்டி. கைதட்டல் பலமாக இருந்தது. அதன் பிறகு ஏறிய எங்கள் அத்தைமார், நான் மேலே சொன்னபடி, கழுத்தில் அடித்து, கையைப் பார்த்து, இடுப்பில் துடைத்தார்கள்.

ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. பேச்சியக்கா உள்ளங்கையைப் பார்த்த பார்வை, சந்தேகத்துக்குரிய வாழைத்தாரைப் பார்க்கும் பார்வை. செத்ததா, தப்பித்ததா என்று தீர விசாரித்த பிறகுதான் துடைத்தார்.

அந்த அமைதியில், பின்வரிசையில் மண்டியின் சுமைதூக்குகிறவர்கள் உட்கார்ந்திருந்த பக்கம், ஒருவர் "ஏலே, கொசுடா," என்றார்.

அவ்வளவுதான். மண்டபம் வெடித்தது. நாற்காலிகள் பின்னுக்குச் சரிந்தன. நான் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். இதைவிட அவமானம் இனி ஒன்று இல்லை, நாளைக்கே வகுப்பைப் பூட்டிவிட்டு சூசையின் கடையில் காயில் சுற்றப் போய்விடலாம் என்று முடிவு செய்தேன்.

பாட்டு நிற்கவில்லை. புல்லாங்குழல் இடம் பாட்டில் இரண்டு முறை வரும் என்று சொன்னேன் அல்லவா. இரண்டாவது முறை அது வந்தபோது மண்டபமே தயாராக இருந்தது. அத்தைமார் கையைத் தூக்கியதும் எல்லாரும் தூக்கினார்கள். அத்தனை கழுத்திலும் ஒரே நேரத்தில் அடி விழுந்தது. எல்லாரும் கையைப் பார்த்தார்கள், எல்லாரும் துடைத்தார்கள். சுகன்யா தலை நிறையப் பூவோடு அடித்ததில் பாதி மல்லிகை மாப்பிள்ளை மடியில் கொட்டியது. குமுளியிலிருந்து வந்த சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு "கொள்ளாம், கொள்ளாம்" என்று மலையாளத்தில் மெச்சிக்கொண்டே இருந்தார்.

பெட்டிகளின் இடுக்கில் பார்த்தேன். விக்கி சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, புருவத்தைச் சுருக்கி, மேடையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பேச்சியக்கா மேடையிலிருந்து இறங்கி, மூச்சு வாங்க வந்தார். "எப்புடி மிஸ்ஸு?"

"அக்கா, கழுத்துல அடிக்கிறத யாருக்கா உங்களுக்குச் சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதான்."

"நான் எப்பக்கா?"

"தெனமும் பண்ணுனீகளே. மொத நாளு சும்மா நின்னீக. மறுநாளு அந்த இடம் வந்ததும் கழுத்துல அடிச்சு, கையப் பாத்து, இடுப்புல தொடச்சீக. அடுத்த நாளும் அங்கனயே அடிச்சீக. சரி, புது ஸ்டெப்பு வந்துருச்சுன்னு நாங்களும் பிடிச்சுக்கிட்டோம்."

"அது கொசுக்கா."

பேச்சியக்கா சற்று யோசித்தார். பிறகு அவருக்குக் கோபம் வந்தது. "எங்களையுந்தான் கடிச்சுச்சு. நாங்க கண்ட இடத்துல அடிச்சமா? நீங்க அடிக்கிற இடம் வார வரைக்கும் பொறுத்துக்கிட்டுத்தான நின்னோம்."

அவர் சொன்ன பிறகுதான் எனக்கும் விளங்கியது. கொசு எப்போதும்தான் கடித்திருக்கும். மற்ற இடங்களில் என் இரண்டு கையும் யாரோ ஒருவருடைய ஸ்டெப்பில் மாட்டிக்கொண்டிருந்தன. அந்தக் காலி இடத்தில்தான் அவற்றுக்கு ஓய்வு. அங்கேதான் அவை தங்கள் சொந்த வேலையைப் பார்த்திருக்கின்றன. நான் கண்ணை மூடிக்கொண்டு புதியது வரும் வரும் என்று காத்திருந்த அதே நேரத்தில், தினமும் அது வந்துவிட்டுப் போயிருக்கிறது.

சாப்பிட்டுக் கிளம்பும்போது வாசலில் விக்கி நின்றான்.

"அக்கா, அந்த ஸ்டெப்ப எதுலேருந்து எடுத்தீங்க? நான் எங்கேயுமே பாக்கலையே."

என் வாழ்நாளில் இதைவிட நல்ல கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பின்கழுத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"இங்கன இருந்துதான் தம்பி."

அவன் அதைப் பெரிய தத்துவமாக எடுத்துக்கொண்டு தலையாட்டினான்.

வீட்டில் சூசையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப அது ஓன் ஸ்டெப்பா, கொசு ஸ்டெப்பா?" என்றார். நானும் அதை வெகுநாள் யோசித்தேன். கடித்தது கொசு. அடித்தது என் கை, என்னைக் கேட்காமல். அதை ஆட்டமாக்கியது அத்தைமார். இதில் என் பங்கு எது? கடைசியில் ஒன்று தோன்றியது. அந்த இடத்தை நிரப்பாமல் விட்டுவைத்தது நான்தான். இதற்கு மேல் யோசித்தால் உள்ளதும் போய்விடும் என்று நிறுத்திக்கொண்டேன்.

செத்துச்சா, இல்லையா

சில மாதம் கழித்து, தேனியில் பள்ளிகளுக்கான ஒரு கலைவிழா. என் பிள்ளைகளோடு மத்தியானமே போய்விட்டேன். மேடையில் வேறொரு பள்ளிப் பிள்ளைகள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பளபளக்கிற சட்டை, வரிசை வரிசையாக நிறைய பேர். கீழே நின்று விக்கி கைதட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

பாட்டு நடுவில் ஓய்ந்தது. அத்தனை பிள்ளைகளும் கையைத் தூக்கி, கழுத்தில் அடித்து, இடுப்பில் துடைத்தார்கள்.

இடது கையால் அடித்தார்கள். கல்யாண வீடியோவை எதிரே வைத்துக்கொண்டு பழகியிருக்கிறான். எதிரே பார்த்தால் அப்படித்தான் திரும்பும்.

நாற்காலிகளை எடுத்துப் போட வந்திருந்த சூசை (அன்றைக்கு என்னோடு பேசிக்கொண்டுதான் இருந்தார்) என் தோளை இடித்தார். "ஓன் ஸ்டெப்பத் திருடிட்டான். நீ என்னடான்னா பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிற."

நான் சிரித்துக்கொண்டிருந்தது எனக்கே தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வேறு. என்னிடமிருந்து ஒருவன் திருடியிருக்கிறான். திருடுவதற்கு என்னிடமும் ஒன்று இருந்திருக்கிறது. அந்தப் பையனை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஓடிப்போகவும் செய்தேன். ஆனால் பாதி வழியில் ஏதோ உறுத்தியது. பிள்ளைகள் மறுபடியும் ஆடினார்கள். அடித்தார்கள், துடைத்தார்கள். நடுவில் ஒன்று குறைந்தது. கையை யாரும் பார்க்கவில்லை. வேகத்துக்காக விக்கி அதை வெட்டிவிட்டான்.

எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு கோபம் வந்ததோ தெரியாது.

"ஏலே விக்கி, பாட்ட நிறுத்து," என்றேன். "பாக்காம எப்புடிடா தொடைப்பாக?"

"டைமிங் இழுக்குதுக்கா, அதான்..."

"இழுக்கட்டும். அடிச்சா பாக்கணும். செத்துச்சா இல்லையான்னு தெரியாம தொடச்சா அதுக்கு என்ன அர்த்தம்? அதுதான் ஸ்டெப்பே. அடிக்கிறதும் தொடைக்கிறதும் யாரு வேணாலும் பண்ணுவாக."

விக்கி பாட்டை நிறுத்தினான். "சாரிக்கா," என்றான். பிறகு மெதுவாக, "எது செத்துச்சான்னு?"

அவனுக்குக் கொசு என்றே தெரியாது. கம்பம் மண்டபத்தில் புகை மெஷினுக்குப் பக்கத்தில் நின்றவனுக்குப் பின்வரிசைச் சத்தம் கேட்கவில்லை போல. கல்யாண வீடியோவில் மண்டபத்துச் சத்தத்தை எடுத்துவிட்டு வெறும் பாட்டைத்தான் போட்டிருப்பார்கள்.

"போகப் போகத் தெரியும் தம்பி," என்று சொல்லிவிட்டு நடந்தேன். இந்த வாரம் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

சாயங்காலம் விழாவில் பிள்ளைகள் ஆடினார்கள். பாட்டு ஓய்ந்த இடத்தில் கழுத்தில் அடித்தார்கள். அத்தனை பேரும் உள்ளங்கையைப் பார்த்தார்கள், நன்றாக, நிதானமாக. சபை சிரித்தது. நான் பிள்ளைகளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன், மூச்சு விடாமல்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் மட்டும் பார்த்துவிட்டுத் துடைக்கவில்லை. அவசரமாக இன்னொரு முறை கழுத்தில் அடித்தாள். அவளை நிஜமாகவே கடித்திருக்க வேண்டும்.

அவளுக்குப் பின்னால் நின்றவள், அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே, தானும் இன்னொரு முறை அடித்தாள்.